'லாரி கிளம்புது'... இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது? டென்ஸ் குழப்பம் தீர ஈஸியான வழி!

ஏலக்காய் வியாபாரத்துக்குப் பேர்போன ஊர் போடிநாயக்கனூர். இடுக்கி மலைத் தோட்டங்களில் விளையும் ஏலக்காய்க்கு, ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் இங்கும் கேரளாவின் புத்தடியிலும் நடக்கிறது. சரக்கு வட மாநிலங்கள் வரை போகிறது. தமிழும் இந்தியும் கைகொடுக்காத இடத்தில் போனில் இங்கிலீஷ்தான் துணை.

டெல்லி வியாபாரி ஒருவர் "சரக்கு என்னாச்சு?" என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். லாரி ராத்திரியே கிளம்பிவிட்டது. ஆனால் நீங்கள் "த லாரி இஸ் லீவிங்" என்று சொன்னால், வண்டி இன்னும் போடியில்தான் நிற்கிறது என்று அவர் நினைப்பார். அடுத்த ஆர்டருக்கு யோசிப்பார்.

குழப்பம் எங்கே வருது?

தமிழில் 'கிளம்புது' என்ற ஒரே சொல்லை வைத்து ஒப்பேற்றிவிடலாம். இங்கிலீஷில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொன்று வேண்டும்.

▪ தினமும் 6 மணிக்குக் கிளம்புது - இட் லீவ்ஸ் அட் சிக்ஸ் எவ்ரி டே

▪ இப்பதான் கிளம்புது - இட் இஸ் லீவிங் நவ்

▪ நாளைக்குக் கிளம்புது - இட் வில் லீவ் டுமாரோ ('இஸ் லீவிங் டுமாரோ' என்றாலும் சரியே)

இதே மாதிரி, 'இந்த லாரி 10 வருஷமா ஓடுது' என்பதும் நமக்கு நிகழ்காலம்தான். ஆனால் இங்கிலீஷில் 'இஸ் ரன்னிங் ஃபார் டென் இயர்ஸ்' தப்பு. அன்று தொடங்கி இன்றுவரை தொடர்வதால் 'ஹேஸ் பீன் ரன்னிங்' என்று சொல்ல வேண்டும்.

முடிஞ்சு போன விஷயம்னா?

நம்மில் பலர் சறுக்குவது இங்கேதான். நேரம் சொல்லாமல் 'கிளம்பிடுச்சு' என்றால் 'இட் ஹேஸ் லெஃப்ட்'. நேற்று, காலையில், 2023-ல் என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் 'ஹேஸ்' வரக்கூடாது. 'இட் லெஃப்ட் எஸ்டர்டே' போதும்.

அகலப்பாதைப் பணிக்காகப் பல வருஷம் நின்றுபோயிருந்த போடி ரயில் 2023 ஜூனில் திரும்ப வந்தது. அதை 'த ட்ரெயின் கேம் பேக் இன் 2023' என்றே சொல்லணும். 'ஹேஸ் கம் பேக் இன் 2023' தப்பு.

கேள்வி கேட்கும்போதும் இதே கதைதான். 'எப்ப கிளம்புச்சு?' என்பதற்கு 'வென் டிட் இட் லீவ்?' என்று கேளுங்கள். 'டிட்' வந்துவிட்டால் 'லெஃப்ட்' வேண்டாம், 'லீவ்' போதும்.

ஞாபகம் வச்சுக்க என்ன வழி?

வாயைத் திறக்கும் முன் தமிழ் வாக்கியத்தில் உள்ள நேரச் சொல்லைப் பிடியுங்கள். தினமும், இப்ப, நாளைக்கு, நேத்து, 10 வருஷமா... எந்த டென்ஸ் என்பதை அந்தச் சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். நேரச் சொல் இல்லையென்றால், வேலை முடிஞ்சுதா இல்லையா என்று மட்டும் பாருங்கள்.