காவிரிக்கு அக்கரையில் ஒரு கோயில்

சென்ற வாரம் வகுப்பில் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டேன். வீரப்பன் யார் என்று கேட்டவுடன் கைகள் அத்தனையும் உயர்ந்தன. ஸ்ரீநிவாஸ் யார் என்றேன். ஒரு கையும் எழவில்லை. பிள்ளைகளைக் குறை சொல்வானேன்? வீட்டில் நாம் சொன்னால் அல்லவா அவர்கள் அறிவார்கள்!

அக்டோபர் 21-ந் தேதி தோறும் போலீஸார் துப்பாக்கிகளைத் தலைகீழாகத் தாழ்த்தி நின்று, அவ்வாண்டு கடமையில் உயிர் நீத்தோரின் பெயர்களை வாசிப்பது வழக்கம். 1959-ல் லடாக்கில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்னுமிடத்தில் சீனத் துருப்புகளால் மாண்ட பத்துப் போலீஸாரின் ஞாபகமாக ஏற்பட்ட தினம் அது. வன உத்தியோகஸ்தர்களுக்கோ செப்டம்பர் 11. மரங்களைக் காக்க 1730-ல் பிஷ்னோய் மக்கள் உயிர் கொடுத்ததன் ஞாபகம்.

நம் தருமபுரி ஜில்லாவுக்கு இவ்விஷயம் அந்நியமன்று. 1993 ஏப்ரல் 9-ல் பாலாற்றருகே கண்ணிவெடியில் போலீஸாரும் வனக் காவலர்களும் உட்பட 20-க்கு மேற்பட்டோர் மடிந்தனர். 2004 அக்டோபர் 18 இரவு, சுப்பிரமணிய சிவா கண்மூடிய அதே பாப்பாரப்பட்டிக்கு அருகில், பாடி கிராமத்தில் வீரப்பனின் கதை முடிந்தது.

ஒகேனக்கல்லுக்கு அப்பால், காவிரியின் அக்கரையில் உள்ளது கோபிநத்தம். கர்நாடகத்தைச் சேர்ந்ததாயினும் தமிழ் வழங்கும் ஊர். வீரப்பனின் சொந்த ஊரும் அதுவே. ராஜமகேந்திரபுரத்தில் 1954-ல் பிறந்த ஸ்ரீநிவாஸ், அவ்வூருக்கு வன உத்தியோகஸ்தராக வந்தார். அவனைப் பிடிப்பதானால் முதலில் அவன் ஊராரின் மனத்தைப் பெற வேண்டும் என்று கருதினார் போலும். நோயாளிகளுக்கு வைத்தியம், ஊருக்குக் குடிதண்ணீர், மாரியம்மனுக்கு ஒரு கோயில் என்று அவர் செய்த காரியங்கள் பல. கள்வனின் ஊருக்குக் கோயில் கட்டித் தந்த உத்தியோகஸ்தரை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

வீரப்பன் சரணடையச் சம்மதிப்பதாகச் சொல்லி அனுப்பினான். அச்சொல்லை நம்பி, 1991 நவம்பர் 10-ந் தேதி, ஆயுதம் ஏதுமின்றி ஸ்ரீநிவாஸ் காட்டுக்குள் நடந்து போனார். அங்கே அவரைக் கொன்று தலையையும் துண்டித்தார்கள். அவ்வளவு நம்பியிருக்கலாமா என்று கேட்போர் உண்டு. நம்பாதிருந்தால் அந்தக் கோயிலும் எழுந்திராது என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

சர்க்கார் அவருக்குக் கீர்த்தி சக்கரம் அளித்தது. கோபிநத்தத்து ஜனங்களோ அந்த மாரியம்மன் கோயிலில் அவருடைய படத்தை வைத்து, அம்மனோடு அதனையும் வணங்கி வருகிறார்கள்.