கடிதத்தில் "லீவ்" என்று இருந்தால்...

"லீவ்" என்ற ஆங்கிலச் சொல்லுக்கு "விட்டுப் போ" என்று ஊரில் படித்திருப்பீர்கள். அதனால் ஹோம் ஒபிஸ் கடிதத்தில் "லீவ் டு ரிமெயின்" என்று கண்டதும் பலருக்குக் குழப்பம். போகச் சொல்லுறாங்களா, இருக்கச் சொல்லுறாங்களா?

இங்கே "லீவ்" என்றால் அனுமதி. எழுத்து ஒன்றுதான், ஆனால் இது வேறு சொல். பள்ளிக்கூடத்துக்கு லீவுக் கடிதம் கொடுத்தோமே, அதுவும் வராமல் நிற்க அனுமதி கேட்பதுதான். பிரித்தானியாவின் 1971ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் இந்தச் சொல்லையே பயன்படுத்துகிறது.

கடிதங்களில் இப்படி வரும்:

லீவ் டு என்டர்: நாட்டுக்குள் வர அனுமதி.

லீவ் டு ரிமெயின்: தங்கியிருக்க அனுமதி. முடிவுத் திகதி இருந்தால் குறித்து வையுங்கள். அது முடிய முன்னமே அடுத்த விண்ணப்பத்தைப் போட வேண்டும்.

இன்டெஃபினிட் லீவ் டு ரிமெயின்: காலவரையறை இல்லாத அனுமதி. ஆனால் பிரஜாவுரிமை அல்ல.

பெர்மிஷன் டு ஸ்டே: புதிய விதிகளில் வரும் சொல். கருத்து "லீவ் டு ரிமெயின்" போன்றதே.

இமிகிரேஷன் பெயில்: கவனம், இது லீவ் அல்ல. கேஸ் முடிவுக்காகக் காத்திருக்கும்போது தருவது. "பெயில்" என்றதும் குற்றவாளி ஆக்கிவிட்டார்கள் என்று கலங்க வேண்டாம். ஆனால் அதில் உள்ள நிபந்தனைகளை மீறக் கூடாது: சொன்ன விலாசத்தில் இருப்பது, சொன்ன நாளில் கையெழுத்து வைக்கப் போவது, வேலை செய்யக் கூடாது என்றால் செய்யாமல் இருப்பது. மீறினால் தடுப்பில் வைக்கலாம்.

இனி முக்கியமான விசயம். "லீவ்" என்ற சொல்லை மட்டும் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். பக்கத்தில் "கிராண்டட்" என்று இருந்தால் அனுமதி கிடைத்துவிட்டது. "ரிஃபியூஸ்ட்" என்று இருந்தால் மறுத்துவிட்டார்கள். மறுத்தாலும் எல்லாம் முடிந்தது என்று இல்லை. அப்பீல் உரிமை இருந்தால் கடிதம் அனுப்பிய நாளிலிருந்து பொதுவாக 14 நாட்கள்தான் தவணை. தெரிந்தவர் வந்து வாசித்துச் சொல்லட்டும் என்று ஒரு கிழமை வைத்திருந்தால் பாதி நாள் போய்விடும்.

ஆகவே கடிதம் வந்த அன்றே உங்கள் லோயருக்கு அறிவியுங்கள். லோயர் இல்லாவிட்டால் கடிதத்தையும் அது வந்த உறையையும் எடுத்துக்கொண்டு எங்களிடம் வாருங்கள். சேர்ந்து வாசிப்போம்.