அப்பாவிடம் கேட்டீர்களா?

எழுபதைத் தாண்டியவருக்குக் குடலில் புற்றுநோய் என்று தெரிந்ததும், நம் வீடுகளில் முதல் வேலையே அதை அவரிடமிருந்து மறைப்பதுதான். "அவருக்குத் தெரிய வேண்டாம் டாக்டர், தாங்க மாட்டார்" என்கிறார் மகன். அன்பினால்தான் சொல்கிறார். ஆனால் கத்தியும் மருந்தும் படப்போவது அப்பாவின் உடம்பில். மயக்கத்தில் இருந்த மகளுக்காகத் தாய் கொடுத்த சம்மதம் செல்லாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயிர்காக்கும் அவசரம் தவிர, சுயநினைவோடு இருப்பவரின் சம்மதத்தை அவரிடம்தான் பெற வேண்டும்.

அவரைக் கேட்காவிட்டால் என்ன நடக்கிறது? சில வீடுகளில் "இந்த வயசுல எதுக்கு ஆபரேஷன்" என்று விட்டுவிடுகிறார்கள். சில வீடுகளில் ஐம்பது வயதுக்காரருக்குக் கொடுக்கும் கீமோவை அப்படியே ஏற்றச் சொல்கிறார்கள். இரண்டுமே தவறு. வயதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. நடமாட்டம், எடை இழப்பு, நினைவாற்றல், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகள், வீட்டில் துணைக்கு யார் என்பதையெல்லாம் பார்க்க வேண்டும். கீமோவில் கொடுக்கும் ஆக்ஸாலிபிளாட்டின் மருந்தால் விரல்களும் பாதங்களும் மரத்துப்போகலாம். சட்டைப் பொத்தான் போட முடியாது. இரவில் கழிவறைக்குப் போகும்போது கால் தடுமாறும். "இதனால் ஆயுள் எவ்வளவு கூடும், நடமாட்டம் எவ்வளவு குறையும்?" என்று அவர் கேட்கட்டும். தளர்ந்தவர்களுக்குக் குறைந்த அளவில் தொடங்குவதும் முறையான சிகிச்சைதான்.

பலர் ஒடுங்கிப்போவது, அறுவைக்குப் பின் மலம் சேர வயிற்றில் பை வைத்த பிறகுதான். நாற்றம் வருமோ என்று பயந்து கல்யாணம், கோயில் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள். சிலர் சாப்பாட்டையே குறைத்துக்கொள்கிறார்கள். சரியாகப் பொருந்திய பை நாறாது. மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் காலி செய்துவிட வேண்டும். சுற்றியுள்ள தோல் சிவந்து எரிந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் பையின் துளை அளவு சரியில்லாமல் கசிவதுதான் காரணம். திட்டமிட்ட அறுவை என்றால், பை வரும் இடத்தை முன்பே, நோயாளியை உட்காரவும் நிற்கவும் வைத்துக் குறிக்கச் சொல்லுங்கள். வேட்டி அல்லது புடவை கட்டும் இடத்தை அது தவிர்க்க வேண்டும். அவர் குனிந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

அரசு மருத்துவமனைகளில் முதியோருக்குத் தனி வரிசை வேண்டும் என்கிறது 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டம். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் சிகிச்சைக்கு வழியுண்டு. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், வலி தணிப்புப் பராமரிப்பை வீட்டுக்கே கொண்டுவருகிறது. முதியோர் உதவிக்கு 14567.

வலியைச் சகித்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். மார்ஃபின் கடைசி நாளுக்கான மருந்தல்ல. மருத்துவர் கண்காணிப்பில் மாதக்கணக்கில்கூடச் சாப்பிடலாம். அது மலச்சிக்கலை உண்டாக்கும் என்பதால், மலமிளக்கியும் சேர்த்து வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வயிறு உப்பி, வாந்தியோடு மலமும் காற்றும் நின்றுபோனால் மலமிளக்கி கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். அது குடலடைப்பாக இருக்கலாம்.