குணமுள்ள காரும் குறையில்லாக் காரும்

'குணம்' என்னுஞ் சொல்லை நம்மவர் இருவகையாக வழங்குகின்றனர். 'குணமான பிள்ளை' என்னும்போது அது நற்குணத்தைச் சுட்டும். 'அவருக்கு ஒரு குணம் இருக்கிறது' என்று குரலைத் தாழ்த்திச் சொல்லும்போதோ, அம்மனிதரோடு பழகுதற்குச் சிறிது பொறுமை வேண்டும் என்பதே கருத்து. பழைய மோட்டார் வாகனங்களைப் பற்றிப் பேசுமிடத்துக் கேட்கப்படும் குணம் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையினதே. 'இந்தக் காருக்கு ஒரு குணம் உண்டு' என்று விற்பவர் கூறினால், அவர் அதன் அழகைப் புகழ்கின்றாரா, அதன் நோயை மறைக்கின்றாரா என்பதை வாங்குபவரே ஆராய்ந்து அறிதல் வேண்டும்.

2020 ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 இல் மீண்டும் அனுமதிக்கப்படும் வரையில், நம் நாட்டிலே ஆசிரியர் அறைகளிற்கூடப் பழைய கார்ப் பேச்சே பேச்சாக இருந்தது. ஆயினும் நான் இங்கே எடுத்துக்கொள்ளும் வழக்கு நம்மூர் வழக்கன்று. இங்கிலாந்திலே, இலண்டனுக்கு வடக்கே ஏறத்தாழ ஐம்பது மைல் தொலைவிலுள்ள பெட்போர்ட் நகரில் எழுந்தது. என்னிடம் இலக்கணம் படித்த தம்பி ஒருவர் அங்கே ஒரு வைத்தியசாலையில் இரவுக் கடமை செய்கின்றார். வீட்டிலே மனைவி, பிள்ளைகள் இருவர், மனைவியின் தாயார். வாங்கக்கூடிய கார் ஒன்றே. அது நான்கு கதவுடைய சலூனாக இருத்தல் வேண்டும். ஆனாற் சற்றே துடிப்பாகவும் ஓடுதல் வேண்டும் என்பது அவர் ஆசை. இரண்டு கார்களைப் பார்த்து வைத்துக்கொண்டு, "ஐயா, எதை எடுக்கலாம்?" என்று தொலைபேசியிற் கேட்டார். ஒன்று 2001 ஆம் ஆண்டின் அல்பா றோமியோ 156. விலை 3,200 பவுண். மற்றது 2006 ஆம் ஆண்டின் ஹொண்டா அக்கோட். விலை 2,400 பவுண்.

இலக்கண ஆசிரியனிடம் கார் பற்றிக் கேட்பானேன் என்று வாசகர் நகைக்கலாம். நானும் பழைய கார்கள் மூன்றினை வளர்த்துப் பார்த்தவன் என்பது தம்பிக்குத் தெரியும். அன்றியும், தம் உள்ளத்தில் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டவர்களே பிறரிடம் ஆலோசனை கேட்பர் என்பது என் அனுபவம்.

முதலில் அல்பாவைப் பார்ப்போம். 1997 இல் வெளிவந்து, அடுத்த ஆண்டுக்குரிய ஐரோப்பாவின் சிறந்த கார் எனத் தெரிவு செய்யப்பட்டது இந்த 156. அதன் வடிவத்தை அமைத்தவர் வால்ற்றர் டி சில்வா. (பெயரைக் கண்டு நம் நாட்டவர் என்று மயங்கற்க; அவர் இத்தாலியர்.) முன்புறத்தே கேடயம் போன்ற வாய் நடுவிலே தாழ இறங்கியிருத்தலின், இலக்கத்தகடு ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும். பின்கதவுகளுக்குக் கைப்பிடியே இல்லாததுபோலத் தோன்றும். அவை கண்ணாடியின் ஓரத்துக் கருமையிலே மறைக்கப்பட்டுள்ளன. நான்கு கதவுடையதை இரண்டு கதவுடையதுபோலக் காட்டும் தந்திரம் இது. வேற்றுமைத்தொகையில் உருபு மறைந்து நின்றே தன் பொருளைத் தருவதை மாணவர்க்கு விளக்கும்போது இந்தக் கைப்பிடியை எடுத்துக்காட்டலாமோ என்றுகூட எண்ணினேன்.

ஆயினும் அக்காரின் உயிர் இயந்திரத்திலேதான் உள்ளது. ஆறு சிலிண்டர்கள் மும்மூன்றாக எதிரெதிர் சாய்ந்து நிற்கும், கொள்ளளவு 2.5 லீற்றர், வலு 190 குதிரைவலு. மூடியைத் திறந்தால், காற்றை உள்ளே கொண்டுசெல்லும் ஆறு குழாய்களும் மெருகிட்ட வெள்ளிக் குழல்கள்போல வரிசையாகத் தோன்றும். அவற்றை அழகுக்காகவே அவ்வாறு மெருகிட்டனர் என்பதில் ஐயமில்லை. எவருங் காணாத மூடியின் கீழே அத்தனை அக்கறை! இவ்வியந்திரத்தை ஆக்கியவர் ஜூசெப்பே புஸ்ஸோ என்னும் பொறியியலாளர். 1979 இல் வெளிவந்த அல்பா 6 என்னும் காரிலே அது முதன்முதல் இடம்பெற்றது. மிலான் நகருக்கு அண்மையிலுள்ள அறேசேத் தொழிற்சாலையில் அதன் உற்பத்தி 2005 ஆம் ஆண்டின் இறுதியோடு முடிவுற்றது. புஸ்ஸோ 2006 சனவரி 3 ஆம் நாள் காலமானார். இவ்விரு செய்திகளையும் ஒருங்கே படித்தபோது என் நெஞ்சு சிறிது கனத்தது. தம்பியோ அக்காரை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "வானொலியைப் போட மனம் வரவில்லை ஐயா, அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தேன்" என்றார்.

இனி அதன் மற்றைக் குணத்தையும் கூறல் வேண்டும். இயந்திரத்தின் வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூடச் செய்வது ஓர் இறப்பர்ப் பட்டி. 'ரைமிங் பெல்ற்' என்று நம் மெக்கானிக்மார் கூறுவர். அஃது அறுந்தால், மேலெழும் பிஸ்ரன்கள் திறந்திருக்கும் வால்வுகளின்மீது மோதும். அவ்வளவில் இயந்திரம் பாழாம். இந்தப் பட்டி ஓடிய தூரத்தால் மட்டுமன்றி வயதாலும் மூப்படையும். நான்கைந்து ஆண்டுக்கொருமுறை அதனையும், அதனோடு தண்ணீர்ப் பம்பையும் மாற்றிவிடுதலே முறை, அச்செலவு சிறிதன்று. முன்சில்லுகளைத் தாங்குங் கைகளின் மூட்டுகள் தேய்ந்து, பள்ளத்தில் இறங்குந்தோறும் பழங்கட்டில்போலக் கிறீச்சிடும். பின்னிருக்கை ஒடுக்கம். ஒழுங்கையிலே வட்டமடித்துத் திரும்புவதென்றால் இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் போதல் வேண்டும். 100 கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 12 லீற்றர் பெற்றோலைக் குடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, இங்கிலாந்தின் குளிர்காலத் தெருக்களிலே பனிக்கட்டியை உருக்கத் தூவும் உப்பு, இருபது ஆண்டு கடந்த எந்தக் காரின் அடித்தட்டையும் அரித்துத் தின்னும்.

அக்கோட்டைப் பற்றிக் கூறுவதற்கு இத்துணை இல்லை. அதன் சிறப்பும் அதுவே. வரிசையாக நிற்கும் நான்கு சிலிண்டர், 2.4 லீற்றர், வியப்பு என்னவெனில் வலு இதற்கும் அதே 190 குதிரைவலு. பட்டிக்குப் பதிலாக உலோகச் சங்கிலி. எண்ணெயைக் காலந்தவறாது மாற்றிவந்தால் அது நெடுங்காலம் உழைக்கும். முன்சில்லுகளின் தாங்கமைப்பு அல்பாவினது போலவே இரட்டைக் கையுடையது, ஆறு கியர், திருப்பங்களிலே தடுமாறாது. பெற்றோற் செலவு 9 லீற்றர் அளவில் நிற்கும். இதனை மந்தமான கார் என்று எவருஞ் சொல்லார். ஆனால், மூடியைத் திறந்தால் அங்கே நின்று பார்க்க ஒன்றுமில்லை. கறுத்த பிளாத்திக்கு உறைகள், அவ்வளவே. "காலையில் சாவியைத் திருப்பினால் வேலைக்குப் போகலாம். பிறகு அதைப்பற்றி நினைக்கவே வேண்டாம்" என்று தம்பியின் மனைவி கூறினாராம். அவர் புகழ்ந்து கூறியதைத் தம்பி குறையாக எடுத்துக்கொண்டார்.

இவ்விடத்தில், அறிவுடையோர் அக்கோட்டையே எடுப்பர், உணர்ச்சி வசப்பட்டோரே அல்பாவை எடுப்பர் என்று முடித்துவிடுதல் எளிது. நான் அவ்வாறு முடிக்க விரும்பவில்லை. 'அறிவுக்குப் பொருத்தமான கார்' என்பது காருக்குள்ளே மட்டும் இருக்கும் இயல்பு அன்று என்பதை யாழ்ப்பாணத்திலே நாம் கண்ணாரக் கண்டோம்.

1990 ஆம் ஆண்டிலிருந்து எரிபொருட் டடை நம்மை வருத்திய காலத்தை என் வயதினர் மறவார். பெற்றோல் மருந்துபோலத் துளிக்கணக்கில் விற்கப்பட்டது. அப்பொழுது தெருவில் ஓடியவை எவை? எங்கள் பாட்டனார் காலத்து ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் அல்லவா? காபரேற்றரிலே சிறிது பெற்றோலை விட்டு இயந்திரத்தை எழுப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினர். புகையும் நாற்றமும் சொல்லி முடியா. ஆயினும் மணமக்களையும் நோயாளிகளையும் அவையே சுமந்தன. அழுத்தங் குறைந்த அந்தப் பழைய இயந்திரங்கள் எதை ஊற்றினாலும் ஒருவாறு சீரணித்தன. உடைந்த உறுப்பைக் கடைசற் பட்டறையிலே கடைந்து தரத்தக்க கைகளும் ஊரில் இருந்தன. மின்னணு மூளை பொருத்திய புதிய யப்பான் கார் அந்நாளில் எவ்வளவு சிறந்ததாயினும் மண்ணெண்ணெயைக் குடித்து ஓடியிராது. எது குணமுள்ள கார், எது அறிவுக்குப் பொருத்தமான கார் என்ற பிரிவு அங்கே தலைகீழாயிற்று. (இன்னொரு செய்தியையும் இடையே கூறிவிடுகிறேன். இன்றும் நம் தெருவிற் காணப்படும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் ஏ 60 இன் உடலை வரைந்தவர்கள் இத்தாலியின் பினின்ஃபரினா நிறுவனத்தார். ஆதலின் இத்தாலிய அழகு நம்மூருக்குப் புதிதன்று. ஆங்கில இயந்திரத்தைத் தன்னுள் வைத்துக்கொண்டு நெடுநாளாய் நம்மிடையே வாழ்கின்றது.)

எனவே தம்பியிடம் நான் கேட்ட முதல் வினா, "உன் ஊரில் அல்பாவைத் திருத்தத் தெரிந்தவர் யார் இருக்கிறார்?" என்பதே. விடை எதிர்பாராததாக இருந்தது. பெட்போர்ட் நகரைச் சூழ்ந்த செங்கற் சூளைகளிலே வேலைசெய்வதற்காக 1950 களில் தென்னித்தாலியிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அழைத்துவரப்பட்டனர். அவர்களின் பேரப்பிள்ளைகள் அந்நகரிலேயே வாழ்கின்றனர். அங்ஙனம் வந்த ஒருவரின் பேரன் தம்பியின் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் கராச் வைத்திருக்கின்றார். புஸ்ஸோவின் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டிப் பழகிய கை. வேறு ஊராயிருந்தால் அல்பாவை மறந்துவிடு என்று ஒரே சொல்லில் முடித்திருப்பேன். பெட்போர்ட்டிலோ அது முற்றும் பைத்தியக்காரத்தனம் ஆகாது.

ஆயினும் வீட்டிற் கார் ஒன்றே. இரவு இரண்டு மணிக்கு வைத்தியசாலையிற் காத்திருக்கும் நோயாளிக்குப் புஸ்ஸோவின் குழல்கள் தெரியா. ஆதலால் மூன்றை முதலிற் பார்த்து வரும்படி தம்பிக்குக் கூறினேன். ஒன்று, பட்டியை மாற்றியதற்குரிய பற்றுச்சீட்டு. 'மாற்றியாயிற்று' என்னும் வாய்ச்சொல் போதாது. நாளும் தூரமும் குறித்த தாள் வேண்டும். இரண்டு, அந்நாட்டு அரசினர் ஆண்டுதோறும் நடத்துவிக்கும் வாகனப் பரிசோதனையின் வரலாறு. இலக்கத்தகட்டின் எண்ணை இட்டால் எவரும் அதனைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். 'அடியில் துரு' என்று எந்த ஆண்டில் முதலில் எழுதினர், அடுத்த ஆண்டில் அது திருத்தப்பட்டதா என்பவற்றை அது ஒளிக்காது சொல்லும். விற்பவரின் முகத்தைவிட அந்த ஏடு நம்பத்தக்கது. மூன்று, இலண்டன் செலவு. தம்பியின் தமையனார் ஹறோவில் வாழ்கின்றார். 2023 ஆகஸ்ட் 29 ஆம் நாளிலிருந்து இலண்டன் மாநகர் முழுவதிலும், யூரோ 4 என்னும் புகையளவு விதிக்கு அமையாத பெற்றோற் கார் நுழையும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண் கட்டணம். 2006 ஆம் ஆண்டின் அக்கோட்டுக்கு அந்தக் கவலையில்லை. 2001 ஆம் ஆண்டின் அல்பாவுக்கு அதன் எண்ணை இட்டுப் பார்த்தே அறிதல் வேண்டும்.

இவற்றோடு இன்னுமொன்று சொன்னேன். அல்பாவை வாங்குவதாயின் அதன் விலைக்கு மேலே ஆயிரம் பவுணைத் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். அந்த ஆயிரம் இல்லையென்றால் அந்தக் கார் இல்லை. இது கஞ்சத்தனமான புத்தி என்று தம்பிக்குத் தோன்றியிருக்கலாம். பழைய கார் வாங்கித் துன்புறுவோரிற் பலர், கையிலிருந்த கடைசிச் சதத்தையும் விலையாகக் கொடுத்துவிட்டு, முதற் பழுதிலேயே மனமுடைந்தவர்கள். பேணுவதற்குப் பொருளில்லாத இடத்திற் காதல் நெடுநாள் நில்லாது. இந்த எல்லைக்குள் நின்று பார்க்கும்போது, மூன்றும் ஒத்துவந்தால் அல்பாவையே எடு என்று சொல்லவும் நான் தயங்கவில்லை. இரண்டு தெரு தள்ளி வைத்தியன் இருக்க, அந்த ஒலியைக் கேளாமலே வாழ்நாளைக் கழிப்பானேன்?

சனிக்கிழமை குடும்பத்தோடு போய்ப் பார்த்திருக்கின்றனர். தம்பியின் மாமியார் பின்கதவருகே நெடுநேரம் நின்று, "இதை எங்கே பிடித்துத் திறக்கிறது?" என்று கேட்டாராம். எண்ணை இட்டுப் பார்த்ததில், இலண்டனுக்குக் கட்டணம் உண்டு எனத் தெரிந்தது. அதனைத் தம்பி பொருட்படுத்தவில்லை. தமையனாரை ஆண்டில் நான்கைந்து முறைதானே பார்க்கிறோம் என்றார். பட்டிக்கும் பற்றுச்சீட்டு இருந்தது, மூன்றாண்டுக்கு முந்தையது. தம்பியின் உற்சாகம் எல்லை கடந்தது. அதன்பின் இத்தாலியப் பேரனார் காரை உயர்த்தி, கீழே விளக்குப் பிடித்து, சுத்தியலாலே மெல்லத் தட்டிப் பார்த்தார். ஓரிடத்திற் சுத்தியல் உள்ளே போயிற்று. இயந்திரத்தின் ஒலியைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்ட அதே மனிதர், "இயந்திரம் தங்கம், ஆனால் இந்தக் காரை வாங்காதே" என்று கூறிவிட்டார்.

தம்பி அக்கோட்டை வாங்கினார். அதையும் அந்தக் கராச்சிலேதான் எண்ணெய் மாற்றக் கொடுக்கின்றார். முதன்முறை போனபோது, துருவில்லாத 156 ஒன்று எங்கேனும் அகப்பட்டாற் சொல்லியனுப்புவதாக அவர் கூறினாராம். தம்பி தமது தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கின்றார். மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை.