பிள்ளைகள் கேட்டால் ஊராட்சி பதில் சொல்லுமா?

கர்நாடகத்தின் உடுப்பி மாவட்டத்தில், மலைக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிறது குந்தாபுரா வட்டாரம். ஜூன் பிறந்தால் ஓடைகள் எல்லாம் பெருகிவிடும். தோப்புகளுக்குள் தள்ளித் தள்ளி இருக்கும் வீடுகளிலிருந்து பள்ளிக்குப் போக, மரத்தை வெட்டிக் குறுக்கே போட்ட ‘காலுசங்க’ எனப்படும் ஒற்றை ஆள் பாலம்தான் வழி. 1990-களில் இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் கூடி ஊரின் தேவைகளைப் பட்டியலிட்டபோது, ஓடைகளுக்கு உறுதியான நடைபாலம் வேண்டும் என்றார்கள். பெரியவர்கள் சாலை கேட்பார்கள். சாலையில் ஏறுவதற்கு முன்னால் இருக்கும் அரை மைல் வழுக்கலைப் புத்தகப் பையோடு தினமும் கடப்பவர்களுக்குத்தான் பாலம் நினைவுக்கு வரும்.

இந்தப் பட்டியல் திடீரென்று வந்ததல்ல. பெங்களூருவைச் சேர்ந்த ‘கன்சர்ன்ட் ஃபார் ஒர்க்கிங் சில்ட்ரன்’ அமைப்பின் துணையுடன், வேலைக்குப் போகும் பிள்ளைகள் 1990-ல் ‘பீமா சங்க’ என்று தங்களுக்கென ஒரு சங்கம் கண்டார்கள். 1995-ல் தொடங்கியது ‘மக்கள பஞ்சாயத்து’, அதாவது குழந்தைகள் ஊராட்சி. பிள்ளைகளே வாக்களித்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார்கள். பால்கூர் ஊராட்சிப் பிள்ளைகள் எந்த வயதில் எந்த வேலையைச் செய்யலாம், எது உடம்பைக் கெடுக்கும் என்று தாங்களே ஆராய்ந்து எழுதியது 1999-ல் அறிக்கையாகவே வெளிவந்தது. ‘பட்ஜெட் பற்றிச் சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்’ என்று கேட்பவர்களுக்கு இதைக் காட்டலாம். பட்ஜெட் தெரியாமல் இருக்கலாம். விறகுக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு தூரம் நடக்கிறோம் என்பது தெரியும். ஊராட்சிக் கோப்பில் அந்தக் கணக்கு இருப்பதில்லை.

2006-ல் கர்நாடக அரசு இதை மாநிலம் முழுவதற்கும் விரித்தது. ஒவ்வொரு கிராம ஊராட்சியும் ஆண்டுக்கு ஒருமுறை குழந்தைகளுக்கான கிராம சபையைக் கூட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது. பெரும்பாலும் நவம்பரை ஒட்டி நடக்கும் இந்தக் கூட்டங்களில் கழிப்பறை, சுற்றுச்சுவர், பேருந்து, பள்ளிக்கு அருகே இருக்கும் சாராயக் கடை என்று கோரிக்கைகள் வரும். மேடையில் ஊராட்சித் தலைவரும் அதிகாரிகளும் இருப்பார்கள். அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சட்டப்படி இது பெரியவர்கள் காட்டும் பெருந்தன்மை அல்ல. ஐ.நா. பொதுச்சபை 1989 நவம்பர் 20-ல் ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைக்குத் தருகிறது. அந்தக் கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பைத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. இந்தியா 1992 டிசம்பரில் இதில் சேர்ந்தது. அதே ஆண்டு ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் யுனிசெஃபுக்காக எழுதிய கட்டுரையில், பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். அடியில் உள்ள மூன்று படிகள் பங்கேற்பே அல்ல என்றார்: பெரியவர்கள் எழுதிக் கொடுத்ததைப் பேச வைப்பது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, பேருக்கு இரண்டு பேரை உட்கார வைப்பது. நம் ஊர் குழந்தைகள் தின விழாக்களில் பாதி இந்த மூன்றைத் தாண்டுவதில்லை.

எனக்கு ஹார்ட்டைவிட லாரா லண்டி சொன்னது பயன்படுகிறது. பெல்ஃபாஸ்டின் குயின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியரான அவர், 2007-ல் எழுதிய கட்டுரையில் 12-ஆம் பிரிவை நான்காகப் பிரித்தார். பேச இடம் வேண்டும், பேச்சு வர உதவி வேண்டும், கேட்கக் கடமைப்பட்ட காது வேண்டும், கேட்டதற்கு விளைவு வேண்டும். முதல் இரண்டும் மலிவு. பந்தல் போட்டு மைக் கொடுத்தால் முடிந்தது. மூன்றாவதற்கு, தீர்மானிக்கும் அதிகாரம் உள்ளவர் நேரில் வர வேண்டும். நான்காவதற்கு அவர் திரும்பவும் வர வேண்டும்: ‘இதைச் செய்தோம், இதைச் செய்ய முடியவில்லை, காரணம் இது’ என்று அதே பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். ‘முடியாது’ என்பதும் பதில்தான். ‘பார்க்கலாம்’ என்பது பதில் இல்லை.

குந்தாபுரா பக்கம் சில ஓடைகளுக்குப் பாலம் வந்தது, எல்லாவற்றுக்கும் வரவில்லை. 1990-களில் அதே வட்டத்தில் இருந்த பைந்தூர்ப் பகுதியில், 2022 ஆகஸ்ட் மழையில் காலுசங்கத்தைக் கடந்த பள்ளிச் சிறுமி ஒருத்தி ஓடையில் விழுந்து இறந்தாள். பிள்ளைகள் முதலில் பாலம் கேட்டு அதற்குள் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

கூட்டத்துக்கு யார் வருகிறார்கள் என்பதும் சிக்கல்தான். பள்ளி வளாகத்தில் கூட்டினால் பள்ளியை விட்டு நின்ற பிள்ளை வராது. ஆசிரியர் பொறுக்கி அனுப்பினால் நன்றாகப் பேசும் முதல் பெஞ்சு வரும். இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை: சாராயம் விற்பவரின் பெயரைச் சபையில் சொன்ன சிறுமி மாலையில் அவர் கடையைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு 2009-ல் தந்த விளக்கவுரை, பங்கேற்பு பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்று தனியாகச் சொன்னது இதனால்தான். எழுதிப் பெட்டியில் போடும் வழி இருந்தால் சொல்ல முடியாத புகார்களும் வெளியே வரும்.

வேறு சில நாடுகள் பணத்தையும் வாக்கையுமே கையில் கொடுத்துப் பார்த்தன. பாஸ்டன் நகராட்சி 2014-ல் 10 லட்சம் டாலரை எதற்குச் செலவிடுவது என்று 12 முதல் 25 வயதுள்ளவர்களைத் தீர்மானிக்கச் சொன்னது. ஆஸ்திரியா 2007-ல் வாக்கு வயதை 16 ஆக்கியது.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவரே அதன் உறுப்பினர். 18 வயதுக்குக் கீழே இருப்பவர் வந்து உட்காரலாம், வாக்கு இல்லை. ஆனால் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவில் இரண்டு குழந்தைப் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்று மத்திய அரசுத் திட்டம் ஒன்று விதித்தது. உங்கள் ஊராட்சியில் அந்த இருவர் யார், கடைசியாக என்ன கேட்டார்கள், அது எந்தத் தீர்மானத்தில் ஏறியது என்று அடுத்த கிராம சபையில் எழுந்து கேட்கலாம். அதற்கு எந்தப் புதிய அரசாணையும் தேவையில்லை.