சிறுநீரகத்தைக் காப்போம்

ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் உத்தானம் என்ற பகுதி இருக்கிறது. தென்னையும் முந்திரியும் விளையும் பகுதி. அங்கே பலருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போகிறது. சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கும் வருகிறது. காரணம் இன்னும் உறுதியாகத் தெரியவில்லை.

மற்ற ஊர்களில் இந்த நோய்க்கு முக்கியக் காரணங்கள் இரண்டு. ஒன்று சர்க்கரை நோய். மற்றொன்று இரத்தக் கொதிப்பு.

சிறுநீரகம் இரத்தத்தில் உள்ள கழிவைப் பிரித்து வெளியேற்றுகிறது. அது கெடும்போது தொடக்கத்தில் வலி இருக்காது. கால் வீக்கம், சோர்வு, வாந்தி எல்லாம் பின்னால்தான் வரும். இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்தால் முன்பே தெரியும்.

நோய் முற்றினால் டயாலிசிஸ் தேவைப்படும். இயந்திரம் இரத்தத்தைச் சுத்தம் செய்யும். 2016 முதல் தேசிய டயாலிசிஸ் திட்டத்தில் ஏழைகளுக்கு இது இலவசம். ஆனால் வாரத்தில் இரண்டு, மூன்று நாள் போக வேண்டும். அன்றைய கூலி போய்விடும்.

கெட்டது முழுவதும் சரியாகாது. மேலும் கெடும் வேகத்தைக் குறைக்கலாம். அதில் நம் பங்கு பெரிது.

உப்பைக் குறையுங்கள். ஊறுகாய், கருவாடு, அப்பளத்தைத் தவிருங்கள். உடம்பு வலிக்கு நீங்களாக மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். பல வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கொதிப்பு மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்றும் கேளுங்கள்.

ஒரு நோட்டு வையுங்கள். தேதி, எடை, இரத்த அழுத்தம் எழுதுங்கள். பரிசோதனைச் சீட்டில் கிரியேட்டினின் என்று ஓர் அளவு இருக்கும். எது என்று செவிலியரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். போன முறை எவ்வளவு? இந்த முறை எவ்வளவு? கூடியிருந்தால், "ஏன் கூடியது, டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.