54 ஃபைல்... ஒரு ஸ்கூட்டி!

“தம்பி, உனக்கு எக்ஸெல் தெரியுமா?”

செமஸ்டர் லீவில் என்.எஸ்.எஸ். சார்பாக ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் போன என்னிடம், அங்கிருந்த சோஷியல் வொர்க்கர் அக்கா கேட்ட முதல் கேள்வி இது. இன்ஜினீயரிங் பையனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா? காலரைத் தூக்கிவிட்டு உட்கார்ந்தேன்.

அக்காவின் பொறுப்பில் 54 பேர். ஆட்டிஸம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி. ஒருவருக்கு தெரபி, ஒருவருக்கு ஸ்கூல் அட்மிஷன், இன்னொருவருக்கு மாதாந்திர உதவித்தொகை. எல்லாருக்கும் சேர்த்து ஒரு ஸ்கூட்டி, ஒரு லாங் சைஸ் நோட்டு!

‘இதெல்லாம் ஜுஜுபி’ என்று ஷீட் போட்டேன். அடிக்கடி போன் செய்கிறவர்கள் மேலே, செய்யாதவர்கள் கீழே. அக்கா கடைசி வரியில் விரலை வைத்தார்.

“இந்தம்மா சித்தாள் வேலைக்குப் போறவங்க. போன்ல பேலன்ஸே இருக்காது. பையனை உள்ளே விட்டுப் பூட்டிட்டுதான் போவாங்க. அவங்க கூப்பிட மாட்டாங்க தம்பி, நாமதான் போகணும்.”

மறுநாள் போனோம். பையனின் தற்காலிகச் சான்றிதழ் காலாவதியாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. பிளாஸ்டிக் கவருக்குள் அத்தனை பத்திரமாக வைத்திருந்தார் அந்த அம்மா. அதற்கு முடிவு தேதி உண்டு என்பதே அவருக்குத் தெரியாது.

திரும்பும்போது அக்கா மெதுவாகச் சொன்னார்: “என் தப்புதான். அந்த மூணு மாசமும் சத்தமா கூப்பிட்ட வீட்டுக்கே ஓடிக்கிட்டிருந்தேன்.”

அன்று ராத்திரியே பழைய ஷீட்டை டெலிட் செய்தேன். புதுசில் மூன்று கலர். தனியாக விடப்படுகிறவர்கள், அடிக்கடி வலிப்பு வருகிறவர்கள், பார்த்துக்கொள்ளும் ஆளே நோயாளியாக இருப்பவர்கள் எல்லாம் சிவப்பு. தேதி நெருங்குகிறவர்கள் மஞ்சள். போனில் விசாரித்தாலே போதும் என்பவர்கள் பச்சை. கூடவே ஒரு காலம்: ‘கடைசியாக நேரில் பார்த்த நாள்’.

மஞ்சளில் முக்கியமானது 18-வது பிறந்தநாள். அன்றிலிருந்து பிள்ளை சட்டப்படி மேஜர். பெற்றவர்களே ஆனாலும் சட்டப்படி பாதுகாவலராக, 1999-ம் வருட தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் கலெக்டர் இடம்பெற்ற உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். நமக்கு கேக் வெட்டுகிற நாள், அவர்களுக்கு ஃபைல் தயாராக வேண்டிய நாள்!

கலிஃபோர்னியாவில் ஒரு பணியாளருக்குச் சராசரியாக எத்தனை பேர் என்பதைச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். 6 வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்றால் 40. மற்றப் பெரும்பாலானவர்களுக்கு 62 முதல் 66. இதைச் சொன்னதும் அக்கா சிரித்தார். “நம்பர் இருக்கட்டும் தம்பி. எல்லா வீடும் ஒரே வெயிட் இல்லை. ஒரு சிவப்பு வீடு, பத்து பச்சை வீட்டுக்குச் சமம்.”

கடைசி நாள். அந்தப் பையனுக்குப் புதுச் சான்றிதழுக்கு விண்ணப்பம் கொடுத்தாச்சு. கார்டு இன்னும் வரவில்லை. நான் எடுத்துக் கொடுத்த பிரின்ட் அவுட்டை மடித்து நோட்டுக்குள் செருகிக்கொண்டு ஸ்கூட்டியை ஸ்டார்ட் செய்தார் அக்கா.

“இன்னிக்கு எந்த வீடுக்கா?”

“போன் வராத வீடு!”